நடு ஓடையில் எனக்கு மூன்றடி

சுருளி அருவியில் குளிக்க வேண்டும் என்பது மட்டும்தான் திட்டம். ஐப்பசி பிறக்கப் போகிற வாரம். வங்கியில் எனக்கு இரண்டு நாள் விடுப்பு மிச்சமிருந்தது. என் வீட்டுக்காரருக்கு வளைவுச் சாலை என்றாலே வயிற்றைப் புரட்டும். வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிடுவார். அதனால் வழக்கம்போல அவரைத் திருச்சியிலேயே விட்டுவிட்டு, பதினோரு வயதான என் மாருதியில் தனியாகக் கிளம்பினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வடுகபட்டியிலிருந்து ஐந்து கிலோ பூண்டு. மனிதர் ஊறுகாய் போடுவதில் சூரர்.

சுருளிக்குத் திட்டமிட்டு இந்தப் பதிவைத் திறந்தவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குளிக்கவில்லை. நனைந்தது உண்மை. அது வேறு தண்ணீர்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனி ஏறக்குறைய 180 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால், வழியில் நிதானமாக இட்லி சாப்பிட்டும் பத்து மணிக்குள் வந்துவிடலாம். வடுகபட்டியில் பூண்டு வாங்கப் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் சற்று விலக வேண்டும். விலை சொன்னவரிடம் நான் பேரம் பேச, அவர் ஒரு பல்லை உரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். சொன்ன விலையைக் கொடுத்தேன். சாக்கைக் காரில் போட்ட பிறகு இரண்டு நாளும் காருக்குள் ரசம் கொதிக்கிற வாசனை. தேனியில் பேருந்து நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் அறை 900 ரூபாய். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை என்றார்கள், ஆறே முக்காலுக்கே தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை கம்பம் வழியாகச் சுருளி. தேனியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். வாசலில் பலகை: நீர்வரத்து அதிகம், குளிக்கத் தடை. சோப்பு, துண்டு, மாற்றுடை எல்லாம் வைத்த பையோடு அந்தப் பலகைக்கு முன்னால் நான் நின்ற நிலையை யாரும் படம் எடுக்காதது நல்லது. பக்கத்தில் கொய்யா விற்றவர்தான், ராயப்பன்பட்டி தாண்டி மலையடிவாரத்தில் ஓர் ஓடை இருக்கிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடும், குளிக்க யாரும் தடுக்க மாட்டார்கள் என்றார். இதில் கடைசி வாக்கியம் மட்டும் பொய்.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வழியாகப் போகிற அந்தச் சாலைக்காகவே இந்தப் பள்ளத்தாக்குக்கு வரலாம். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். கல்தூண்களும் கம்பியும் மேலே பச்சைக் கூரையுமாகக் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. கிழக்கே மேகமலை பாதி மேகத்துக்குள் இருந்தது. ராயப்பன்பட்டியில் மாதா கோவிலைத் தாண்டி, மலையைப் பார்த்துத் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு சிறிய பாலம், பாலத்தை ஒட்டி ஒரு டீக்கடை. மணி பத்தேகால். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால், எந்தக் கரையின் பெயரை முதலில் எழுதினாய் என்று அங்கே கேட்பார்கள்.

டீக்கடையில் இரண்டு பெஞ்சு, இரண்டு கோடியில். ஒன்றில் நாலு பேர், இன்னொன்றில் ஐந்து பேர். நடுவில் கல்லாப்பெட்டிக்கு மேலே பெரிய வெள்ளிநிறக் கோப்பை ஒன்றில் சர்க்கரை போட்டு வைத்திருந்தார்கள். நான் டீ சொன்னேன். கடைக்காரர் ராசு, கூடலூர்க்காரர். குமுளிப் பக்கம் வியாபாரம் செய்து பழகியவர் என்பதால் பேச்சில் ஊடே ஊடே மலையாளம் எட்டிப் பார்க்கும். அவர் பாலைத் தூக்கி ஆற்றிக்கொண்டே எந்த ஊர் என்றார். திருச்சி என்றேன்.

“மேடத்துக்கு இங்கன சொந்தக்காரவுக யாரும் இருக்காகளா?”

இல்லை என்றேன். இரண்டு பெஞ்சிலிருந்த ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

மரியாதை என்று நினைத்துவிட்டேன். உட்காருங்கள், உட்காருங்கள் என்று கையைக்கூடக் காட்டினேன். யாரும் உட்காரவில்லை. ஒரு பெஞ்சிலிருந்து வந்த ஐம்பது வயதுக்காரர், வெள்ளை மீசை, தன் பெயர் அய்யணன் என்றார். கையில் மண்வெட்டி. வங்கியில் கொள்ளை ஒத்திகையில் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டேன்.

“பயப்படாதீக தாயி. ஒரு மணி நேரம் புடிச்சாப் போதும். டீ எங்க கரையோடது.”

எதிர்ப் பெஞ்சுக்காரர் ஒருவர் ராசுவைப் பார்த்து, வடை தங்கள் கரையுடையது என்று அங்கிட்டுச் சொல்லிவிடும்படி சொன்னார். அங்கிட்டு என்பது ஆறடி தூரம். ராசு திரும்பி, வடை அவர்களுடையதாம் என்றார். அய்யணன் தலையாட்டினார்.

இனி ராசு எனக்குச் சொன்ன கதை. நாலு வருடத்துக்கு முன்னால் ஊர்த் திருவிழாவில் ஓடையின் மேலக்கரைக்கும் கீழக்கரைக்கும் கபடி இறுதிப் போட்டி. கடைசி ரெய்டில் புள்ளி சமம். ஒருவர் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்று தகராறு. நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே பேருந்து ஏறிவிட்டார். அன்றோடு இரண்டு கரைக்கும் பேச்சு இல்லை. கோப்பையை எந்தக் கரையும் வாங்காததால் பொது ஆளான ராசுவின் கடையில் சர்க்கரை சுமக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், மேலக்கரை அணிக்கு அய்யணன் தலைவர். கீழக்கரை அணிக்கு அவருடைய சொந்தத் தங்கை பேச்சியம்மாளின் கணவர். தங்கை புருசன் பக்கம் நின்றுவிட்டார். அண்ணன் தங்கைக்கும் நாலு வருடமாகப் பேச்சு இல்லை.

அதுவரை அந்த ஓடை ஊரின் குப்பைத் தொட்டியாம். வாழை மட்டை, கோழிக்கடைக் கழிவு, மருந்து டப்பா எல்லாம் அதில்தான். கிணற்றுத் தண்ணீர் நாறியது, ஓடை போய்ச் சேர்கிற கண்மாய் பாதி தூர்ந்துவிட்டது. சண்டைக்குப் பிறகு ஒரு கரை இன்னொரு கரையைப் பார்த்து, குப்பை போடுவது நீங்கள்தான் என்றது. இல்லை என்று காட்டுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலக்கரை தன் பாதி ஓடையைச் சுத்தம் செய்து, பாதுகாப்புக் குழு என்று பலகையும் நட்டது. அடுத்த ஞாயிறு கீழக்கரை அதைவிடச் சுத்தமாகச் செய்து, அதைவிடப் பெரிய பலகையை நட்டது. இவர்கள் கரை முழுக்க வெட்டிவேர் வைத்தால் அவர்கள் வெட்டிவேரோடு பனங்கொட்டையும் ஊன்றினார்கள். வாழை மட்டைக்கு உரக்குழி, கடைக்காரர்களுக்குக் கட்டுப்பாடு எல்லாம் போட்டிக்குப் போட்டி. மலையடிவாரத்தில் மழைத்தண்ணீர் இறங்கி வருகிற சிறு பள்ளங்களில், தண்ணீர் மண்ணை அரிக்காமல் நின்று நிதானமாக வர, ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு கரையும் கல் அடுக்கியிருக்கிறது. இப்போது பங்குனியிலும் ஓடையில் நூல் மாதிரியாவது தண்ணீர் ஓடுகிறதாம். ஊர் ஒற்றுமையாக இருந்திருந்தால் எல்லோரும் ஒற்றுமையாகக் குப்பை கொட்டியே ஓடையைக் கொன்றிருப்பார்கள்.

எல்லாம் சரி, நான் எதற்கு என்று கேட்டேன். பாலத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

இரண்டு கரையும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஓடைக்கு நடுவே மட்டும் நீளமாக மூன்றடி அகலத்துக்குக் கோரையும் சீமைக்கருவேலமும் மண்மேடும். இரண்டு பக்கமும் சிரைத்து நடுவில் குடுமி விட்ட தலைதான். ஓடையைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு மஞ்சள் நைலான் கயிறு கட்டியிருக்கிறது. அடுத்தவர் பங்கில் மண்வெட்டி பட்டால், ‘அவர்களால் முடியாததை நாங்கள் செய்தோம்’ என்று பேச்சு வந்துவிடும். அந்தப் பேச்சே வேண்டாம் என்று இரண்டு கரையும் கயிற்றுக்கு ஒன்றரை அடி முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறது. ஒன்றரையும் ஒன்றரையும் மூன்று. அந்த மூன்றடியைத் தொட எந்தக் கரையையும் சேராத ஆள் வேண்டும்.

அதனால் பாலத்தில் வண்டியை நிறுத்துகிற வெளியூர்க்காரர்கள்தான் நடு ஓடையைத் தூர்வாருகிறார்கள். இன்வெர்ட்டருக்கு பேட்டரி மாற்ற வந்தவர் போன வாரம் நாலடி வெட்டினாராம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் நிச்சயத்துக்கு முன்னால் வேலை வாங்கிவிட வேண்டும். நிச்சயமாகிவிட்டால் ஒரு கரைக்காரர்களாகிவிடுவார்கள். ராசு தன் பங்குக்கு நாலு வருடமாக வெட்டி இடுப்பு விட்டுப் போய், இப்போது ஆள் பிடிப்பதோடு சரி.

சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டு வண்டியை எடுக்கலாம் என்றுதான் இருந்தேன். அப்போது ஓடைக்குள் இறங்குகிற வழியில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். பாலத்திலிருந்து நூறடியில் ஓடை வளைகிறது. அந்த வளைவில் அவருடைய திராட்சைப் பந்தல். வளைவுக்குச் சற்று முன்னால் நடு மேட்டில் ஒரு கருவேலத்தூர், ஆட்டுரல் பருமனான அடிக்கட்டை. மேலே மழை பெய்து ஓடை பெருகினால் தண்ணீர் அந்தத் தூரில் மோதி நேராகப் பந்தலுக்குள் திரும்பும். இன்னும் பதினைந்து நாளில் அறுவடை. அன்று மலையில் மேகம் நின்ற நிற்பு எனக்கே பிடிக்கவில்லை.

“போன வருசம் பாதிப் பந்தல் போச்சு. கல்லுக்காலெல்லாம் சாஞ்சிருச்சு. எங்கண்ணன் அங்கிட்டு நின்னு அழுதாகன்னு சொல்றாக. அழுது என்னத்துக்கு? ஒரு கல்லத் தூக்கி நிறுத்தியிருந்தா ஆகாதா?”

நான் செருப்பைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டு மண்வெட்டியை வாங்கினேன்.

வங்கியில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த முதுகுக்கு மண்வெட்டி என்ன செய்யும் என்பதை விவரிக்க விரும்பவில்லை. நான் வெட்டுகிற மண்ணை இரண்டு கரையாரும் கூடையில் வாங்கிக்கொண்டார்கள். வாங்குவதில் மட்டும் தடையில்லை. ஒரு கூடை இந்தப் பக்கம், ஒரு கூடை அந்தப் பக்கம். வரிசை மாறினால் ராசு பாலத்திலிருந்து குரல் கொடுப்பார். மேலக்கரைப் பக்கம் கூடையோடு வந்த அய்யணன் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

“அந்த வளைவுப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஆழமா வெட்டிருங்க தாயி. நாஞ்சொன்னேன்னு அங்கிட்டுச் சொல்லிராதீக.”

ராசு பிறகு சொன்னதுதான். வெளியூர் வண்டி பாலத்தில் நின்றால் முதலில் எழுவது எப்போதும் அய்யணன்தானாம்.

மதியச் சாப்பாடு இன்னொரு சோதனை. எந்தக் கரையில் சாப்பிட்டாலும் மற்றக் கரைக்கு மனத்தாங்கல். ஆகவே நடு மேட்டில் என்னை உட்காரவைத்து இரண்டு இலை போட்டார்கள். மேலக்கரையிலிருந்து கோழிக்குழம்பு, கீழக்கரையிலிருந்து கருவாட்டுக்குழம்பு. இரண்டையும் முடிக்க வேண்டும், இரண்டையும் ஒரே அளவு பாராட்ட வேண்டும். இரண்டிலும் பூண்டு தாராளமாக மிதந்தது. நல்ல பூண்டாக இருக்கிறதே என்றேன். நான் செருப்பை வைக்கக் காரைத் திறந்தபோது சாக்கைப் பார்த்துவிட்டு, சமையலுக்குக் கொண்டுவந்தேனாக்கும் என்று எடுத்துப்போய்ச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பாராட்டியாகிவிட்டது, இனி என்ன கேட்பது. ஊறுகாய்க்காரரை நினைத்துக்கொண்டே அப்பளத்தை நொறுக்கினேன்.

இரண்டேகாலுக்கு ராசுவின் கைபேசி அடித்தது. மலையடிவாரத்து வாழைத்தோட்டக் காவலாளி. இந்த ஓடைக்கு அவர்தான் முன்னறிவிப்பு. மேலே நல்ல மழை பிடித்துவிட்டது, இன்னும் அரை மணியில் தண்ணீர் பாலத்துக்கு வந்துவிடும் என்றார்.

அதற்குள் வளைவை ஒட்டிய மேடு பெரும்பாலும் போய்விட்டது, தூர் மட்டும் நின்றது. வேரைச் சுற்றிலும் அறுத்திருந்தேன், இழுத்தால் வந்துவிடும். இரண்டு கரையிலும் டிராக்டர் இருந்தது. ஆனால் கரையில் வெட்டிவேர். அதன்மேல் டயர் ஏறக்கூடாது என்பது இரண்டு கரையும் ஒத்துக்கொண்ட ஒரே சட்டம். ஆள்தான் இழுக்க வேண்டும், அதுவும் ஓடையின் போக்கிலேயே, நடுவில் நின்று. நடுவில் நிற்கத் தகுதி உள்ளவர்கள் நானும் ராசுவும். காரில் எப்போதும் வைத்திருக்கிற கயிற்றை எடுத்து வந்தேன். பதினோரு வயது மாருதி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கயிற்றின் அருமை தெரியும். தூரில் கட்டி இருவரும் இழுத்தோம். ராசுவின் இடுப்பு சத்தம் போட்டது. தூர் அசையவில்லை.

முப்பது பேர் இரண்டு கரையிலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கரை முதலில் இறங்கட்டும் என்று அந்தக் கரையும், அந்தக் கரை இறங்கட்டும் என்று இந்தக் கரையும் ராசு வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தன. பேச்சியம்மாள் பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை. கல்தூண்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். மாதத்தின் முதல் தேதியில், கவுண்டர் முன்னால் வரிசை கலையும்போது எனக்கென்று ஒரு குரல் வரும். அது வந்தது.

“இந்த மூணடியும் நான் வெட்டினது. உங்க சட்டப்படி இது எனக்குச் சொந்தம். கயிறும் என்னுது. இங்க வந்து நிக்கிறவங்க என் வீட்டு விருந்தாளி. விருந்தாளிக்கு ஏது கரை? இறங்குங்க.”

இரண்டு கரையும் ராசுவைப் பார்த்தது. பிறகு ராசு, “நியாயந்தான” என்றார்.

முதலில் இறங்கியது அய்யணன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றின் முனையைப் பிடித்தார். அடுத்த நொடி கீழக்கரையிலிருந்து பேச்சியம்மாள். பிறகு இரண்டு கரையும் சரசரவென்று இறங்கியது. மூன்றடி அகலத்தில் இரண்டு வரிசைக்கு இடமில்லை. ஒரே வரிசைதான், கலந்துதான் நிற்க வேண்டும். அண்ணனுக்கு நேர் பின்னால் தங்கை. நான் இருவருக்கும் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

“கால ஊனி இழுண்ணே.”

அவர் காலை ஊன்றினார். மூன்றாவது இழுப்பில் தூர் பிடுங்கிக்கொண்டு வர, வரிசை மொத்தமும் மல்லாந்து சேற்றில் விழுந்தது. யார் மேல் யார் என்று பார்க்க நேரமில்லை. ராசு பாலத்தைப் பார்த்து ஓடிக்கொண்டே, வருது, வருது, கேறு, ஏறு என்று மலையாளத்திலும் தமிழிலுமாகச் சொன்னார். தூரை இழுத்துக்கொண்டு எல்லோரும் கையில் கிடைத்த கரையில் ஏறினோம்.

முதலில் சத்தம், பிறகு சருகும் நுரையுமாகச் செம்மண் தண்ணீர். நாங்கள் நின்ற இடத்தில் இடுப்பளவு ஓடியது. சாரலிலும் அங்கேயும் பிடித்துக்கொண்ட மழையிலும் முழுக்க நனைந்துகொண்டு எல்லோரும் வளைவையே பார்த்தோம். தண்ணீர் வளைவுக்கு வந்தது, கரையை உரசியது, வெட்டிவேரைத் தலைகுனிய வைத்தது, நேராகக் கண்மாயைப் பார்த்துப் போய்விட்டது. பந்தலுக்குள் ஒரு சொட்டுப் போகவில்லை.

அதன் பிறகுதான் ராசு தலைகளை எண்ணியபடி கவனித்தார். அவசரத்தில் அய்யணன் கீழக்கரையில் ஏறியிருந்தார். தண்ணீர் வடிகிற வரை ஓடையைக் கடக்க முடியாது என்று அவரே சொல்லிக்கொண்டு, தங்கை வீட்டுக்கு நடந்தார். பேச்சியம்மாள் முன்னால் போய் ஒரு துண்டை எடுத்து வந்து நீட்டினார். பாலம் நூறடியில் இருந்தது. யாரும் அதை நினைவுபடுத்தவில்லை.

ஐந்து மணிக்குத் தூர் யாருக்கு என்று பேச்சு தொடங்கியது. நல்ல விறகு. இரண்டு கரையும் ராசு வழியாக அரை மணி நேரம் பேசி, அது நடுப்பங்கில் முளைத்ததால் எனக்கே சொந்தம் என்று முடிவு செய்தார்கள். நான் வேண்டாம் என்றது யார் காதிலும் விழவில்லை. என் கயிற்றாலேயே காரின் கூரைமேல் கட்டிவிட்டார்கள். அன்றிரவும் தேனியிலேயே தங்கிவிட்டு மறுநாள் ஞாயிறு மதியம் வீடு சேர்ந்தேன். பூண்டு எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர், கூரையைப் பார்த்துவிட்டு எலுமிச்சம்பழத்தைத் தேடப் போனார்.

போக விரும்புகிறவர்களுக்கு: சுருளிக்குக் கிளம்பும் முன் அன்று குளிக்க விடுகிறார்களா என்று கம்பத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டிக்குப் பேருந்து இருக்கிறது. அதற்கு மேல் ஆட்டோதான், போக வர 400 கேட்பார்கள். ஓடையில் குளிப்பதானால் மழைக்காலம் வேண்டாம், மலையில் மேகம் இருந்தால் இறங்கவே வேண்டாம். பழைய உடை எடுத்துப் போங்கள். பூண்டை டிக்கியில் வைத்துப் பூட்டுங்கள். டீக்கடையில் எந்த ஊர் என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

போன வாரம் பேச்சியம்மாள் கூப்பிட்டார். அறுவடை நல்லபடி முடிந்ததாம், அண்ணன்தான் கூட நின்று லாரியில் ஏற்றினாராம். கோப்பை இன்னும் சர்க்கரைதான் சுமக்கிறதாம். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“ரெண்டு கரையும் சுத்தம் பண்ணியாச்சு. ஒங்க பங்குலதான் கோரை மண்டிக் கெடக்கு. எப்ப வாறீக?”

இப்போதுதான் பேசிக்கொள்கிறீர்களே, நீங்களே எடுத்துவிடக் கூடாதா என்றேன். பின்னாலிருந்து அய்யணனின் குரல் கேட்டது: “அதெப்படித் தாயி? அடுத்தவுக பங்குல நாங்க எப்படிக் கைவைக்கிறது?”

திருச்சியில் நாங்கள் இருப்பது வாடகை மாடி. என் பெயரில் ஒரு பூந்தொட்டி மண்ணுக்கு மேல் நிலம் கிடையாது. விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில், சொந்த நிலத்தில் வேலை என்று போட்டிருக்கிறேன்.